உலோகத்தின் மேல் உலோகம்: 14 வருடம் தொந்தரவே தராத ஓர் இடுப்பு மூட்டு

வில்லிவாக்கத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். என்னிடம் வந்த ஒருவருக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன், நான் 6 வாரம் தப்பான இடத்துக்கு வைத்தியம் பார்த்ததையும் சேர்த்து. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், கம்பெனி, மருத்துவமனைகள், மூட்டின் பிராண்டு எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

ஆண், என்னிடம் வந்தபோது வயது 55. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் டர்னர், வீடு கொரட்டூரில். இளைப்புக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருக்கிறார், அதையும் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கியிருக்கிறார். அதனால் தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போனது. நம் ஊரில் 40 வயதுக்காரர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டி வருவதற்கு இது முக்கியமான காரணம். 2008இல், 41 வயதில், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள்.

வைத்தது உலோகத்தின் மேல் உலோகம் வகை. பந்தும் கோபால்ட்-குரோமியம் கலவை, அது உட்காரும் கிண்ணமும் அதே கலவை. இதை ஏன் வைத்தார்கள் என்பதற்கு அன்றைக்கு நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962 வாக்கில் நிலைநிறுத்திய முறையில் உலோகப் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழலும். வயதானவர்களுக்கு அது அருமையாக உழைத்தது, ஆனால் ஓடியாடி வேலை செய்யும் இளைஞர்களுக்குப் பிளாஸ்டிக் தேய்ந்து, அந்தத் துகளால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, மூட்டு ஆட்டம் கண்டது. 1997இல் பர்மிங்ஹாம் முறை வந்தது. எலும்புப் பந்தை வெட்டாமல் மேலே உலோகத் தொப்பி மாட்டும் இந்த முறை இளம் ஆண்களுக்கு நன்றாகவே வேலை செய்தது, இன்றும் சென்னையில் அப்படிப்பட்டவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெற்றியைப் பார்த்துவிட்டு அதே பெரிய உலோகப் பந்தை, தொடை எலும்புக்குள் இறக்கும் வழக்கமான தண்டின் மேல் செருகி முழு மூட்டாகவும் வைக்க ஆரம்பித்தார்கள். பந்து பெரிது என்பதால் சுலபத்தில் கழன்றுகொள்ளாது, கீழே உட்காரலாம், சம்மணம் போடலாம். நம் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இவருக்கு வைத்தது இந்த இரண்டாவது வகை. "இது தேயவே தேயாது, உங்க ஆயுசுக்கும் வரும்" என்று சொன்னதாக அவர் நினைவு. சொன்னது யார், டாக்டரா, கம்பெனி ஆளா என்பது அவருக்குத் தெளிவாக இல்லை.

நல்ல வருடங்களும் 2018இல் வந்த நிம்மதியும்

3 மாதத்தில் வேலைக்குப் போனார். டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டினார், பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், மகள் கல்யாணத்தில் பந்தல்கால் நட்டார். 2011க்கு அப்புறம் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. வலியே இல்லாதவரிடம் போய் வருடா வருடம் காட்டு என்றால் யார் போவார்கள்?

இதற்கிடையே 2010 ஆகஸ்டில் டெபூய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டில் அந்த மூட்டு வைத்தவர்களில் 12, 13 சதவீதம் பேருக்கு 5 வருடத்துக்குள் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் அந்த மூட்டோடு நடந்ததாகக் கணக்கு. 2018இல் மத்திய அரசின் குழு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு கணக்கிட ஒரு சூத்திரம் சொன்னபோதுதான் தமிழ்ச் செய்திகளிலும் இது பெரிதாக அடிபட்டது. இவருடைய மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டிருக்கிறார். "உங்களுக்கு வெச்சது அந்தக் கம்பெனி இல்லீங்க, வேற" என்று பதில் வந்திருக்கிறது. பதில் உண்மைதான். வீட்டில் எல்லாரும் நிம்மதியானார்கள்.

இந்த விவகாரம் முழுவதிலும் என்னை அதிகம் உறுத்துவது இந்த ஒரு போன்கால்தான். கேட்டது பிராண்டைப் பற்றி, கிடைத்ததும் பிராண்டைப் பற்றிய பதில். உலோகத்தின் மேல் உலோகம் என்ற வகையே கண்காணிக்க வேண்டியது என்பதை யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இவர்களுக்குத் தெரியவில்லை. பிரிட்டனின் மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 ஏப்ரலிலேயே, எந்தக் கம்பெனி என்று பாராமல், இந்த வகை மூட்டு வைத்தவர்களைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லி எச்சரிக்கை விட்டது. பிரிட்டனின் பதிவேட்டை அலசி 2012இல் வந்த ஆய்வு, தண்டோடு சேர்ந்த உலோக மூட்டுகளில் பந்து பெரிதாகப் பெரிதாகத் தோல்வியும் கூடுகிறது என்று காட்டியது. தண்டும் பெரிய பந்தும் சேர்ந்ததுதான் இவருடையது.

கிளினிக்குக்கு வந்ததும் நான் செய்ததும்

2022 பிப்ரவரியில் வந்தார். படியேறும்போது வலது தொடை இடுக்கில் வலி, பிட்டத்திலும் கொஞ்சம், நடையில் லேசான சாய்வு. கையில் ஒரு பழைய முதுகு ஸ்கேன், அதில் டிஸ்க் பிதுக்கம் என்று எழுதியிருந்தது. 50 தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கும்.

இடுப்பு ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன். "அது நல்லாத்தான் மேடம் இருக்கு. 14 வருஷமா ஒரு தொல்லை கிடையாது. நீங்க முதுகைப் பாருங்க."

நானும் முதுகைப் பார்த்தேன். டிராக்ஷன், கரண்ட் வைத்தியம், பயிற்சிகள், 6 வாரம். வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னபோது இடது பக்க இடுப்பு சரிந்து இறங்கியதை முதல் நாளே பார்த்தேன், நோட்டில் எழுதியும் வைத்தேன். பக்கவாட்டுப் பிட்டத் தசை பலவீனமாக இருந்தால் அப்படி ஆகும். சரி, தசைதானே என்று பயிற்சி கொடுத்தேன். அந்தத் தசை ஏன் இப்போது, ஒரு பக்கத்தில் மட்டும் பலவீனமாகிறது என்று அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். பயிற்சி ஏறஏற வலியும் ஏறியது.

ஏழாவது வாரம் மேஜையில் படுத்தபடியே, "உள்ளே ஏதோ துணியைத் திணிச்சு வெச்ச மாதிரி இருக்கு மேடம், பேன்ட் போட்டாலே இறுக்குது" என்றார். தொடை இடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்தை விட வலது பக்கம் கும்மென்று இருந்தது, அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கியது. அன்றைக்கே எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன்.

எக்ஸ்ரே, அப்புறம் காகிதம் தேடிய கதை

பிளாஸ்டிக் கிண்ணமாக இருந்தால் எக்ஸ்ரேயில் பந்துக்கும் உலோக ஓட்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் இடைவெளி தெரியும். இவருக்கு அது இல்லை. பெரிய வெள்ளைப் பந்து வெள்ளைக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகத் தெரிந்தது, கிண்ணமும் கொஞ்சம் செங்குத்தாக நின்றது. கிண்ணம் செங்குத்தாக இருந்தால் பந்தின் பாரம் விளிம்பில் விழும், அங்கே வழவழப்புக்கான திரவப் படலம் அறுந்துபோய் உலோகம் உலோகத்தைச் சுரண்டும். இதை நான் சொன்னபோது அவருக்கு நொடியில் புரிந்தது. "லைன் அவுட்ல இருக்கிற பேரிங்" என்றார்.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன மாடல், பந்து எத்தனை மில்லிமீட்டர், தண்டின் கழுத்து என்ன டேப்பர் (பந்து செருகி உட்காரும் கூம்பு முனையின் அளவு) என்பது. தண்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்ற முடியுமா என்பது இதில்தான் இருக்கிறது. மூட்டுப் பெட்டியோடு வரும் ஸ்டிக்கர்களை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித்தான் கொடுத்திருந்தார்கள், ஆனால் அந்த ஃபைல் 2015 டிசம்பர் வெள்ளத்தில் 2 நாள் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிக்கிடந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கறை மட்டும். மருத்துவமனையில் கேட்டால் அவ்வளவு பழைய பதிவு இல்லை என்றார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்.

கடைசியில் காப்பாற்றியது அவர் வேலை பார்க்கும் கம்பெனி அலுவலகத்தில் இருந்த ஒரு பழைய கிளார்க். 2008இல் மருத்துவச் செலவுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த ஜெராக்ஸை அவர் தூக்கிப் போடவில்லை. 4 ஸ்டிக்கர், கேட்டலாக் எண், லாட் எண், பந்து 46 மில்லிமீட்டர். அந்த ஜெராக்ஸ் கிடைக்க 11 நாள் ஆனது.

சீழா, உலோகமா

ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் அளவு) கொஞ்சம் அதிகம். மூட்டுக்குள் ஊசி போட்டு எடுத்த திரவம் கலங்கி, சாம்பலும் பழுப்புமாக வந்தது. இயந்திரம் எண்ணிய வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். முதலில் பார்த்த மருத்துவர் கிருமித் தொற்று என்றே முடிவு செய்துவிட்டார், 6 வாரம் ஊசி மருந்து, அப்புறம் 2 கட்டமாக அறுவை சிகிச்சை என்பது திட்டம். அவரைக் குறை சொல்ல முடியாது, சீழ் மாதிரிதான் இருந்தது.

இரண்டாவது கருத்து கேட்கப் போன இடத்தில் ஒரு மூத்த மருத்துவர் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு, "எண்ணினது மிஷினா, ஆளா?" என்று கேட்டார். உலோகத் துகளையும் செத்த திசுவின் துணுக்கையும் இயந்திரம் அணு என்று எண்ணிவிடும். மைக்ரோஸ்கோப்பில் கையால் எண்ணச் சொன்னார். எண்ணிக்கை தொற்றுக்கான அளவுக்கு வெகு கீழே இருந்தது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் 14 நாள் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. 6 வார ஊசி தப்பியது.

ரத்தத்தில் உலோக அளவு எடுத்ததிலும் ஒரு குளறுபடி. வழக்கமான ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊசியிலும் சாதாரணக் குழாயிலும் இருக்கும் உலோகமே ரத்தத்தில் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். நுண் உலோகங்களுக்கென்று தனியாகக் கருநீல மூடிக் குழாய் இருக்கிறது, முதலில் வரும் சில மில்லி ரத்தத்தை வேறு குழாயில் விட்டுவிட்டு அப்புறம்தான் அதில் எடுக்க வேண்டும். முதல் முறை கோபால்ட் 61 என்று வந்து வீட்டில் ஒரே அழுகை. சரியாக எடுத்த இரண்டாம் முறை லிட்டருக்கு கோபால்ட் 38 மைக்ரோகிராம், குரோமியம் 21. குறைவுதான், ஆனாலும் நிம்மதிப்பட ஏதுமில்லை: பிரிட்டிஷ் வழிகாட்டுதல் கவலைப்படச் சொல்லும் எல்லை 7. கோபால்ட் குரோமியத்தை விட இந்த அளவுக்கு முந்தினால் பந்தும் தண்டும் சேரும் கழுத்திலும் அரிப்பு இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூட்டுக்கு முன்னால் 7 சென்டிமீட்டருக்கு ஒரு நீர்க்கட்டி. இது புற்றுநோய் கிடையாது, உலோகத் துகளுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. பக்கவாட்டுப் பிட்டத் தசை எலும்பிலிருந்து பாதி பிய்ந்திருந்தது. நான் 6 வாரம் பலப்படுத்திக்கொண்டிருந்த அதே தசை.

கோபால்ட் ரத்தத்தில் ஏறினால் இதயம், தைராய்டு, காது, கண், நரம்பு என்று எதையும் தாக்கலாம் என்பதால் அவற்றையும் பார்த்தார்கள். எக்கோ சரியாக இருந்தது. தைராய்டு கொஞ்சம் மந்தம். காதில் 1 வருடமாக ரீங்காரம் இருப்பதை அப்போதுதான் சொன்னார், லேத் சத்தத்தால் வந்தது என்று நினைத்திருந்தாராம். 30 வருடம் லேத்தில் நின்றவருக்கு எது எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

எடுத்த முடிவு

விட்டுவைத்துப் பார்ப்பதா, மாற்றுவதா? தண்டு எலும்போடு உறுதியாகப் பிடித்திருந்தது, வலியும் தாங்க முடியாத அளவுக்கு இல்லை, கையில் பணமும் இல்லை. வீட்டுக்காரம்மா தள்ளிப்போடலாம் என்றார். மருத்துவர் சொன்ன காரணம் தசை. கட்டி இருக்கும் ஒவ்வொரு மாதமும் தசையைத் தின்னும், தசை முழுதாகப் போனபின் எவ்வளவு நல்ல மூட்டை வைத்தாலும் அது கழன்றுகொண்டே இருக்கும், நடையும் திரும்பாது. இதைக் கேட்டதும் அவரே மாற்றிவிடலாம் என்றார்.

திட்டம் இது: கிண்ணத்தை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போட்ட புதுக் கிண்ணம், அதற்குள் தேய்மானம் குறைந்த புது வகை பிளாஸ்டிக், பந்து செராமிக். தண்டின் கழுத்து சேதமில்லாமல் இருந்தால் தண்டை விட்டுவிட்டு டைட்டானியம் உறை மாட்டி அதன்மேல் பந்து, சேதம் அதிகம் என்றால் தொடையெலும்பைப் பிளந்து தண்டையும் எடுப்பது. எது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

செலவு 5,80,000 ரூபாய். கம்பெனி காப்பீடு 3 லட்சம், மீதிக்கு நகை அடகுக்குப் போனது. அரசின் இழப்பீட்டுச் சூத்திரம் ஏ.எஸ்.ஆர். மூட்டுக்காரர்களுக்கு மட்டும் என்பதால் இவருக்கு அதில் இடமில்லை. உடம்புக்குள் நடந்தது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 2022, அறுவை சிகிச்சை

திறந்ததும் சாம்பல் நிறத்தில் அரை லிட்டருக்கு மேல் திரவம். மூட்டுறை முழுக்கக் கறுத்த செத்த திசு. கழுத்தில் கரிப்பிடித்த மாதிரி படிவு, துடைத்துப் பார்த்ததில் கீழே உலோகம் பெரிதாகச் சேதமில்லை, அதனால் தண்டை விட்டுவிட்டார்கள். பிய்ந்த தசையை முடிந்தவரை இழுத்துத் தைத்தார்கள். திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், உலோகத்துக்கு எதிரான அழற்சி என்றே முடிவு வந்தது.

எடுத்த பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுத்தம் செய்து கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நான் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஓரிடத்தில் மட்டும் பிறை வடிவில் ஒரு மங்கல், நகத்தை ஓட்டினால் தட்டுப்படாது. மகனை விட்டு மைக்ரோமீட்டரை எடுத்துவரச் சொல்லி என் எதிரிலேயே அளந்தார், பளபளக்கும் இடத்தில் ஒருமுறை, மங்கலில் ஒருமுறை, ராட்செட்டை 3 தடவை கிளிக் கிளிக் என்று விட்டு. வித்தியாசம் 80 மைக்ரான். தலைமுடித் தடிமன் இருக்கும். ஆய்வக அளவு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கையை நான் நம்புகிறேன். "இதை நான் கடைஞ்சிருந்தா ரிஜெக்ட் பண்ணிருப்பாங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அதற்குப் பிறகு

ஐந்தாவது வாரம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் தாழ்ந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எழும்போது மூட்டு கழன்றது. தசை பலமில்லாதவர்களுக்கு இது வரும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், ஸ்டூலில் உட்காராதே என்று நானும் சொல்லியிருந்தேன், ஆனால் விசேஷ வீட்டில் உயரமான நாற்காலி வேண்டும் என்று கேட்க அவருக்குக் கூச்சம். மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளி 6 வாரம் பிரேஸ் போட்டார்கள். அதன்பின் கழலவில்லை.

3 மாதத்தில் கோபால்ட் 6, 1 வருடத்தில் 1.4. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கோபால்ட் வேகமாக வெளியேறிவிடும், குரோமியம் மெதுவாகத்தான் இறங்கும். 1 வருடத்தில் அது 4. தொடை இடுக்கு வலி போய்விட்டது. சாய்வு நடை போகவில்லை, போகாது என்றே நினைக்கிறேன். வெளியே போனால் கைத்தடி. லேத்தில் 8 மணி நேரம் நிற்க முடியாததால் அதே கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் தரப் பரிசோதனை வேலை கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கொஞ்சம் குறைவு. ரீங்காரம் அப்படியே இருக்கிறது. தைராய்டு மாத்திரை தொடர்கிறது.

2018இல் ரத்தமும் ஒரு ஸ்கேனும் எடுத்திருந்தால் தசையைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அவர் மகள் கேட்டார். அப்போது என்ன இருந்தது என்று தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கட்டி 7 சென்டிமீட்டர் ஆகும்வரை காத்திருந்திருக்க மாட்டோம் என்றேன். என் 6 வாரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

என் கிளினிக்கில் மாறியது

முதல் நாள் படிவத்தில் "உடம்புக்குள் வைத்த உலோகம்" என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எந்த வருடம், எந்தப் பக்கம், ஸ்டிக்கர் இருக்கிறதா. இருந்தால் அங்கேயே போனில் படம் எடுத்து அவர்கள் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். மூட்டு மாற்றியவர் முதுகுவலி என்று வந்தாலும் இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் டிராக்ஷன் போடுவதில்லை. ஒற்றைக்காலில் நின்று இடுப்பு சரிந்தால் பயிற்சி தாள் கொடுப்பதற்கு முன் காரணம் தேடுகிறேன்.

இந்த வரியைச் சேர்த்தபின் உலோகத்தின் மேல் உலோகம் இருக்கும் ஒருவர் கிடைத்தார். பெரம்பூரில் இருந்து வரும் அம்மா, 2006இல் தொப்பி முறை, முழங்கால் வலிக்காக வந்தவர். பெண்களுக்கு இடுப்பெலும்பு சின்னது, பந்தும் சின்னது, தொப்பி முறையில் பிரச்சினை அவர்களுக்குத்தான் அதிகம் என்பதால் விடாமல் நச்சரித்து ரத்தம் எடுக்க வைத்தேன், கருநீல மூடிக் குழாயில்தான் எடுக்கிறார்களா என்று லேபுக்கு நானே போன் செய்து கேட்டுக்கொண்டு. கோபால்ட் 1.9. "இதுக்குப் போயி இவ்ளோ செலவு வெச்சிட்டியேம்மா" என்று திட்டிவிட்டு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடமும் எடுக்கச் சொல்லி அவர் ஃபைலில் எழுதியிருக்கிறேன்.